நோட்டில் இருக்கும் ஆறு பேர்: பிர்னோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். திருப்பூரிலிருந்து செக் நாட்டின் பிர்னோ நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. லிஃப்டில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அலுவலகத்தில் யாரும் சிரிப்பதில்லை. மதியச் சாப்பாட்டில் பேச்சுக்காக "செக்கோஸ்லோவாக்கியா ரொம்ப அழகு" என்றீர்கள், மேசையே அமைதியாகிவிட்டது. "இவர்கள் யார் அண்ணா, எதில் பெருமைப்படுகிறார்கள், இவர்களிடம் எதைப் பேசுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் வாடகை, விசா, துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் பதினாறு வருடத்தில் நீங்கள்தான் முதல் ஆள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த மேசை விஷயம். செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 முதல் இல்லாத நாடு. செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரு துப்பாக்கிக் குண்டு வெடிக்காமல் பாகம் பிரித்துக்கொண்டு இன்றுவரை நல்ல உறவில் இருக்கிறார்கள். 1992 ஆகஸ்டில் இரண்டு பக்கத்துப் பிரதமர்களும் அதைப் பேசி முடிக்க உட்கார்ந்தது உங்கள் ஊரில்தான், துகென்தாட் வில்லாவில். போய்ப் பாருங்கள், ஆனால் டிக்கெட் பல வாரம் முன்னாலேயே தீர்ந்துவிடும். "கிழக்கு ஐரோப்பா" என்றும் சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பிராக் வியன்னாவுக்கு மேற்கே இருக்கிறது.

நான் செய்ததோடு ஒப்பிட்டால் உங்களுடையது பிழையே இல்லை. வந்த புதிதில், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஒரு சக ஊழியரிடம், "உங்கள் மொழி கேட்க ரஷ்ய மொழி மாதிரியே இருக்கிறதே" என்றேன், பாராட்டு என்று நினைத்து. மனுஷர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: 1968 ஆகஸ்ட் 21 காலை, சோவியத் டாங்கிகள் வந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். அவருடைய அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு போய்த் தெருப் பெயர்ப்பலகைகளைக் கழற்றிப் போட்டாராம், வந்த படைக்கு வழி தெரியக்கூடாது என்று. அப்பா ஒருவர் மட்டுமில்லை, நாடு முழுக்க ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள். இவர்கள் எதிர்ப்புக் காட்டும் விதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கையில் ஏணியும் ஸ்குரூ டிரைவரும்.

சரி, இவர்கள் யார்? அதற்குப் புத்தகம் தேட வேண்டாம். பர்ஸைத் திறந்து நோட்டுகளைப் பாருங்கள். ஆறு நோட்டு, ஆறு முகம். ராஜா ஒருவர்தான்: 100 கொருனாவில் நான்காம் சார்லஸ், 1348-இல் பிராகில் பல்கலைக்கழகம் தொடங்கியவர். 200-இல் ஒரு வாத்தியார். 500-இல் ஒரு பெண் எழுத்தாளர். 1000-இல் வரலாற்று ஆசிரியர். 2000-இல் ஆபெரா பாடகி. 5000-இல் பேராசிரியராக இருந்து நாட்டின் முதல் ஜனாதிபதியான மசாரிக். படைத்தலைவன் ஒருவன்கூட இல்லை, கவனித்தீர்களா? யான் ஜிஷ்கா என்று ஒற்றைக் கண்ணோடு சிலுவைப் படைகளை விரட்டிய ஒரு மாவீரன் அவர்களிடமும் உண்டு. பிராக் குன்றின்மேல் மாபெரும் குதிரைச் சிலையாக நிற்கிறார். நோட்டில் மட்டும் அவருக்கு இடமில்லை.

அந்த வாத்தியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் கொமென்ஸ்கி, உலகம் கொமேனியஸ் என்று அறியும். உங்கள் பிர்னோ இருக்கும் மொராவியா பகுதியில் 1592-இல் பிறந்தவர். குழந்தைக்குப் படம் காட்டிச் சொல் சொல்லித்தர வேண்டும் என்று 1658-இலேயே படப் பாடநூல் போட்டவர். மதத்தின் பெயரால் 1628-இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். போலந்து, ஹங்கேரி, இங்கிலாந்து, ஸ்வீடன் என்று அலைந்து ஆம்ஸ்டர்டாமில் கண்ணை மூடினார், திரும்பவே முடியவில்லை. அவர் பிறந்த மார்ச் 28 இங்கே ஆசிரியர் தினம். என் மகள் வருடாவருடம் ஒரு டூலிப் கொண்டுபோவாள். அவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நாம் விமான டிக்கெட் விலை பார்த்துத் தள்ளிப்போடும் பயணம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவரைத் துரத்தியது எதுவோ, அதுதான் இந்த மக்களின் பெரிய காயம். 1620 நவம்பர் 8, பிராகுக்கு வெளியே வெள்ளை மலை என்ற மேட்டில், கத்தோலிக்கப் பேரரசரின் படையிடம் இவர்கள் தோற்ற சண்டை. இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை, விளைவு முந்நூறு வருடம். ஆஸ்திரிய ஹாப்ஸ்புர்க் பேரரசின் பிடி இறுகியது. அடுத்த வருடம் ஜூன் 21-இல் பழைய நகர சதுக்கத்தில் 27 தலைவர்களைக் கொன்றார்கள். சுற்றுலாக் கூட்டம் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் அதே இடத்தில் தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கின்றன. எல்லாரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். அதன்பின் மெல்ல மெல்ல அரசாங்கமும் படிப்பும் ஜெர்மன் மொழிக்குப் போயின. செக் மொழி அடுப்படிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் ஒதுங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் படித்தவர்களே, "இந்த மொழி இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று பேசும் நிலை.

அதை மீட்டவர்கள் அகராதி போட்டவர்களும் கதை எழுதியவர்களும்தான். யுங்மன் ஐந்து பாகத்தில் செக்-ஜெர்மன் அகராதி தந்தார். 1000 கொருனா நோட்டில் இருக்கும் பலாட்ஸ்கி, தம் மக்களின் வரலாற்றை எழுதத் தொடங்கியதே ஜெர்மனில்தான், 1848-இல்தான் செக் மொழிப் பதிப்புக்கு வந்தார். 500 நோட்டில் இருக்கும் போஜெனா நெம்சோவா 1855-இல் தன் பாட்டியை நினைத்து ஒரு நாவல் எழுதினார், வறுமையில் செத்தார். இன்று இங்கே அந்தப் பாட்டியைத் தெரியாத பிள்ளை கிடையாது. சொந்த மொழியில் நாடகம் போட ஒரு அரங்கு வேண்டும் என்று ஊர் ஊராக உண்டியல் குலுக்கினார்கள். 1881-இல் திறந்தார்கள், இரண்டு மாதத்தில் தீப்பிடித்தது. மறுபடி உண்டியல். 1883-இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் "நாரோத் ஸொபியே" என்று இருக்கும். மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மொழி என்றால் நமக்குப் புரியாததா? அதனால்தான் சொல்கிறேன், தமிழனுக்கு இவர்களைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிடச் சுலபம். இலக்கணத்திலேயே சில சொந்தம் உண்டு. விளி வேற்றுமை நமக்கு எட்டாவது, அவர்களுக்கு ஐந்தாவது. முருகனைக் கூப்பிட்டால் முருகா, அவர்கள் தொமாஷைக் கூப்பிட்டால் தொமாஷி, யானாவைக் கூப்பிட்டால் யானோ. நம் ஊரில் ஆங்கிலம் கலந்து பேசிப் பழகியவர்கள் பெயரைச் சும்மா சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் ஒரு தடவை சரியாக விளித்துப் பாருங்கள், முகம் மலரும். யான் ஹுஸ் என்ற சமய சீர்திருத்தவாதி, 1415 ஜூலை 6-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டவர், இவர் மொழிக்கும் ஒன்று செய்தார். லத்தீன் எழுத்துகளின்மேல் புள்ளி வைத்துச் செக் ஒலிகளை எழுதும் முறை அவருடையது என்பார்கள். இன்று அது குட்டிக் கொம்பாக மாறிவிட்டது. புள்ளியின் அருமை தெரிந்த மொழிக்காரர்கள் நாம், இதைச் சொன்னால் அவர்களும் ரசிப்பார்கள். ஜூலை 6 பொதுவிடுமுறை, முந்தின நாளும் விடுமுறை. ஊருக்கு டிக்கெட் போடும்போது நினைவிருக்கட்டும்.

அப்புறம் அந்த ஒரு எழுத்து. 'ர'வையும் 'ஷ'வையும் ஒரே மூச்சில் உரசினால் வரும் ஒலி, த்வோர்ஷாக் என்ற இசைமேதையின் பெயர் நடுவில் இருப்பது. நமக்கு ழ எப்படியோ அவர்களுக்கு அது. செக் குழந்தைகளுக்கே வராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப் போவார்கள். எனக்கு இன்றும் சரியாக வராது. பதிலுக்கு "வாழைப்பழம்" சொல்லச் சொல்லிப் பழிவாங்குவேன்.

தமிழை உயிராகப் படித்த செக்காரர் ஒருவர் உண்டு, கமில் ஸ்வெலெபில். 1927-இல் பிராகில் பிறந்து அங்கேயே தமிழ் கற்று, சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்தவர். 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போய், அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கற்பித்து, 2009-இல் பிரான்சில் இறந்தார். உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இவரைத் தெரிந்திருக்காது. நீங்கள் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு உங்கள் நாட்டுக்காரர் ஒருவரைத் தெரியும் என்றால், எவ்வளவு இறுக்கமான ஆளும் நிமிர்ந்து உட்கார்வார்.

20-ஆம் நூற்றாண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களே அதை நீட்டிப் பேச விரும்புவதில்லை. 1918 அக்டோபர் 28-இல் குடியரசு. வண்டிக்காரர் மகனான மசாரிக் தன் அமெரிக்க மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு நடுவில் சேர்த்துக்கொண்ட மனிதர். அந்தக் காலத்தில் எத்தனை ஆண்களுக்கு அது தோன்றியிருக்கும்! இருபது வருடம் நன்றாகப் போனது. 1938-இல் மியூனிக்கில் நான்கு வல்லரசுகள் கூடி இவர்கள் எல்லைப்பகுதியை ஹிட்லருக்கு எழுதிக்கொடுத்தன, இவர்களை அறைக்குள் சேர்க்காமலே. "ஓ நாஸ் பெஸ் நாஸ்" என்பார்கள்: நம்மைப் பற்றி, நாம் இல்லாமல். அலுவலகக் கூட்டத்தில் உங்களைக் கேட்காமல் ஏதாவது முடிவு செய்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், மேசை சிரித்துவிடும். 1942 ஜூனில் லிதிட்சே என்ற கிராமத்தையே நாஜிகள் தரைமட்டமாக்கினார்கள், 173 ஆண்களை ஒரே நாளில் சுட்டார்கள். 1948-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1968 சொல்லிவிட்டேன். 1989 நவம்பரில் லட்சக்கணக்கானோர் சதுக்கத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள், கிளம்பும் நேரமாச்சு என்று ஆட்சிக்குச் சொல்ல. டிசம்பர் 29-இல் ஜெயிலுக்குப் போய்வந்த நாடக ஆசிரியர் ஹாவெல் ஜனாதிபதி.

இதில் ஒரு பகுதி அவர்களுக்கும் கூச்சமானது. 1945-க்குப் பின் சுமார் 30 லட்சம் ஜெர்மன்மொழிக்காரர்களை இங்கிருந்து வெளியேற்றினார்கள், கொடுமைகளும் நடந்தன. பிர்னோவிலிருந்தும் நடக்கவைத்தே விரட்டினார்கள். நீங்களாக அதை எடுக்காதீர்கள், அவர்கள் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'ஜிப்ஸி' என்று அழைக்கப்பட்ட, நம்மைப் போல் மாநிறமான ரோமா மக்களைப் பற்றி நன்றாகப் படித்தவர்களே பேசுவது சில நேரம் காதுகொடுத்துக் கேட்கச் சகிக்காது. நம் நிறத்தைப் பார்த்து டிராமில் ஒரு முறைப்பு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். எனக்கு ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை நடந்தது. நல்லவர்கள் என்று நான் எழுதுவதெல்லாம் இதையும் சேர்த்துத்தான்.

இப்போது எதைப் பேசுவது என்ற உங்கள் கேள்விக்கு. இவர்களை நேராகப் புகழக்கூடாது, தம்பி. "உங்கள் நாடு மகத்தானது" என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். 2005-இல் செக் தொலைக்காட்சி 'மிகச் சிறந்த செக்காரர் யார்' என்று வாக்கெடுப்பு வைத்தது. முன்னணியில் வந்தவர் யாரா சிம்ர்மன். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! 1960-களில் நகைச்சுவைக்காக உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாமதமாகப் போனவர். தொலைபேசியோடு காப்புரிமை அலுவலகம் போனால் முந்திக்கொண்டு பெல் போயிருப்பார். வட துருவத்தை ஏழு மீட்டரில் தவறவிட்டவர். கற்பனை ஆளுக்கு ஓட்டு செல்லாது என்று அவரை நீக்கினார்கள், நான்காம் சார்லஸ் வென்றார். ஜனங்களுக்கு அதில் கோபம். வேறு எந்த நாட்டில் இப்படி நடக்கும்? அலுவலகத்தில் சிரிப்பதே இல்லை என்றீர்களே, சிரிக்கிறார்கள். முகத்தை அசைக்காமல் சொல்வதெல்லாம் ஜோக்தான், நமக்குப் பிடிபட ஒரு வருடம் ஆகும்.

கைவேலையைப் பற்றிக் கேளுங்கள். "தங்கமான செக் கைகள்" என்று ஒரு வழக்கு உண்டு. இந்தக் கைகளில் எனக்குப் பிடித்தவை ஓட்டோ விக்ட்டெர்லேயுடையவை. வேதியியல் பேராசிரியர், 1958-இல் அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலை போனது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுச் சமையலறை மேசையில், மகனின் மெர்குர் விளையாட்டுப் பெட்டியின் இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு கருவி செய்தார். அதில் சுழன்று வந்தவைதான் மென்மையான காண்டாக்ட் லென்ஸ்கள். காப்புரிமையை அரசு அமெரிக்கர்களுக்கு விற்றது, அவருக்குக் கிடைத்தது சொற்பம். பருப்புக்கும் லென்ஸுக்கும் செக் மொழியில் ஒரே சொல், சோச்கா. புது வருடத்தன்று சோச்கா சாப்பிட்டால் வருடம் முழுக்கக் கையில் காசு தங்கும் என்பார்கள். அன்றைக்கு மைசூர்ப் பருப்பில் சாம்பார் வைத்து பக்கத்து வீட்டில் கொடுங்கள். ஐதீகத்துக்கு ஐதீகம், அறிமுகத்துக்கு அறிமுகம்.

பாட்டா செருப்பு நம் ஊர்க் கம்பெனி என்று நானும் கல்லூரிவரை நினைத்தேன். தொமாஷ் பாட்யா 1894-இல் ஸ்லீனில் தொடங்கியது அது. பிர்னோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே 1938-இல் கட்டிய தலைமை அலுவலகத்தில் முதலாளியின் அறையே ஒரு லிஃப்ட், ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர், கைகழுவும் தொட்டியோடு. மாடி மாடியாக அறையோடு போய் வேலையைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு! 'ரோபோ' என்ற சொல்லும் இங்கிருந்து போனதுதான். கரெல் சாப்பெக்கின் 1920 நாடகத்துக்காக அண்ணன் யோசெஃப் சொன்ன பெயர். 'ரொபொத்தா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கூலியில்லா வேலை, நம் கல்வெட்டுகளில் வரும் வெட்டி. சர்க்கரைக் கட்டி 1843-இல் தாசிட்சே என்ற சின்ன ஊரில் பிறந்தது, அதற்குச் சிலைகூட இருக்கிறது, வெள்ளைக் கட்டியாகவே. பிர்னோவில் மெண்டல் பட்டாணி வளர்த்த மடத்துத் தோட்டம் உங்கள் டிராம் போகும் வழியில். அவர் ஜெர்மன் பேசியவர், ஆகவே 'செக் விஞ்ஞானி' என்று அடித்துச் சொல்லாமல் 'பிர்னோக்காரர்' என்றால் வம்பில்லை.

பெத்ரோவ் தேவாலயத்தில் காலை 11-க்கே 12 மணி அடிப்பதைக் கேட்டுக் குழம்பியிருப்பீர்கள். 1645-இல் ஊரை முற்றுகையிட்ட ஸ்வீடன் தளபதி, மதியத்துக்குள் பிடிக்காவிட்டால் போய்விடுவேன் என்றானாம், ஊரார் ஒரு மணி நேரம் முன்னதாகவே அடித்துவிட்டார்களாம். கதைதான். ஆனால் இன்றும் அப்படியே அடிக்கிறார்கள், அதனால் மதியத்துக்கு உங்கள் கடிகாரத்தை நம்புங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். லிஃப்ட், கடை, டாக்டர் காத்திருக்கும் அறை, எங்கே நுழைந்தாலும் "தோப்ரீ தென்", வெளியேறும்போது "நஸ்க்லெதனோ". சொல்லாமல் நுழைபவர்தான் அவர்கள் கணக்கில் மரியாதை தெரியாதவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்தான், விருந்தாளிக்கென்று வீட்டுச் செருப்பும் தருவார்கள். நீ, நீங்கள் இங்கும் உண்டு. நாமாக 'நீ'க்கு இறங்கக்கூடாது, வயதில் மூத்தவரோ பெண்ணோதான் முதலில் சொல்ல வேண்டும். என் வீட்டு மேல்தளத்துப் பாட்டிக்கு அதற்கு ஒன்பது வருடம் பிடித்தது. அன்றைக்கு ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்.

பியர் விஷயம் ஊருக்கே தெரியும், தலைக்கணக்கில் உலகில் முதல் இடம். பொன்னிற பியர் 1842-இல் பிள்சென் நகரில் பிறந்தது, காய்ச்சியவர் பவாரியாக்காரர் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன்மேல் வைக்கும்வரை அடுத்தது தானாக வந்துகொண்டே இருக்கும். நீங்கள் குடிக்காதவர் என்றால் 'கொஃபோலா' கேளுங்கள், 1960-இல் கோலாவுக்குப் பதிலாக இங்கே உருவாக்கியது, கஷாய வாசனை அடிக்கும், எனக்கு இப்போது அதுதான். சைவம் என்றால் வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான் கதி. பச்சைமிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய்க்கு வியட்நாம் கடைகள். கம்யூனிஸ்ட் காலத்திலேயே வந்து வேரூன்றியவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம்.

மொழி படிக்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஐந்து வருடத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு ஏ2 என்ற ஆரம்பநிலைச் செக் மொழித் தேர்வு கட்டாயம். பிரஜையாக வேண்டுமென்றால் அதற்கு மேல்நிலையான பி1, அதோடு வரலாறு, சட்டம், ஊர் நடப்பு பற்றி 30 கேள்வி, 18 சரியாக வேண்டும். கட்டாயம் என்பது ஒரு பக்கம். ஆங்கிலத்தில் பேசினால் இவர்கள் வேலைக்காக வந்தவரிடம் பேசுவார்கள். தப்பும் தவறுமாகச் செக் மொழியில் பேசினால் தங்கள் கிராமத்துச் சின்ன வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். 'ஹத்தா' என்பார்கள், வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகம் காலியாவது அதற்குத்தான். கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

திங்கட்கிழமை லிஃப்டில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால், வணக்கத்துக்குப் பிறகு "காளான் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். மழை பெய்து மூன்று நாள் ஆகிறது, கேட்கச் சரியான சமயம். கையை விரித்து அளவு காட்டுவார், வகை சொல்வார், சமையல் குறிப்புகூடத் தருவார். எந்தக் காட்டில் என்று மட்டும் கேட்காதீர்கள், அதைச் சம்பந்திக்கே சொல்ல மாட்டார்கள்.